வாளிலிருந்து உளிக்கு

1839 ஆகஸ்டு இறுதியில் ஸ்காட்லாந்தின் எக்லின்டன் கோட்டை வெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். இடைக்காலக் குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டியை மறுபடி நடத்திக் காட்டப்போவதாக 13ஆம் எக்லின்டன் பிரபு அறிவித்திருந்தார். வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் கிளப்பிய மோகம் அப்போது உச்சத்தில் இருந்தது. அடைமழை எல்லாவற்றையும் சேறாக்கியது. போட்டியைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வீரர்களாக வந்த பிரபுக்களுக்குக் கவசங்களைத் தேடிக்கொடுத்தவர் லண்டனில் பழம்பொருள் விற்ற ஒரு வணிகர். கவசம் எப்படி அடிக்கப்படுகிறது என்று அணிந்தவர்கள் அறிந்திருக்கத் தேவையே இருக்கவில்லை.

பழங்காலத்தை மீண்டும் நடத்திக் காட்டும் கலையின் அடுத்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு, அந்தத் தேவை மெல்ல மெல்லப் பிறந்த வரலாறுதான். முன்னோர் எப்படித் தோற்றமளித்தார்கள் என்ற கேள்வியைவிட, எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது.

முதல் அடியை எடுத்துவைத்தவர் ஸ்வீடனின் ஆர்தர் ஹசேலியஸ். 1891இல் ஸ்டாக்ஹோமில் அவர் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. வெறும் வீடுகளைக் காட்டுவதில் அவருக்கு நிறைவில்லை. அவற்றுக்குள் ஆட்கள் வாழ்வதும் கைத்தொழில் செய்வதும் தெரிய வேண்டும் என்று விரும்பினார்.

போர்க்களம் இதைக் கற்றுக்கொள்ள அதிக காலம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி 1961 ஜூலையில் வர்ஜீனியாவின் மனாசஸில் முதல் புல் ரன் சண்டையை நடித்துக் காட்டியவர்கள் 2,000 பேருக்கு மேல். அவர்களில் பலருடைய சீருடை நவீனத் துணியால் ஆனது. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புற விருந்து, இடைக்கால ஆர்வலர்களின் பெரும் அமைப்பு ஒன்றுக்கு வித்திட்டது. 1968இல் இராணுவ வரலாற்றாளர் பீட்டர் யங், 17ஆம் நூற்றாண்டு ஆங்கில உள்நாட்டுப் போரை நடத்திக் காட்ட 'சீல்டு நாட்' சங்கத்தை நிறுவினார். நாளடைவில் இத்தகைய குழுக்களுக்குள் நூலும் தையலும் பொத்தானும் தீவிர விவாதப் பொருளாயின.

அதே காலத்தில் தொல்லியலாளர்களும் கையால் செய்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். டென்மார்க்கின் லெய்ரேவில் 1964இல் ஹன்ஸ்-ஓலே ஹன்சன் இரும்புக் காலக் குடியிருப்பை எழுப்பினார். இங்கிலாந்தின் பட்சரில் 1972இல் பண்ணை தொடங்கிய பீட்டர் ரெனால்ட்ஸ் தானியக் குழிகளைச் சோதித்தார். குழியில் தானியத்தைக் கொட்டி வாயைக் களிமண்ணால் அடைத்தால், ஓரத்துத் தானியம் முளைவிட்டு உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடும்; அப்போது சேரும் கரியமில வாயு மிச்சத் தானியத்தைக் கெடாமல் காக்கும். அகழ்வில் கிடைத்த வெறும் பள்ளம், செய்து பார்த்த பிறகே களஞ்சியமாகப் புரிந்தது.

இந்த இரு ஓடைகளும் கலந்த இடம் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள கெடெலோன். அங்கே ஒரு பழைய கல் குவாரியில், 13ஆம் நூற்றாண்டுப் பாணிக் கோட்டை ஒன்றை அக்காலக் கருவிகளால் மட்டும் கட்டும் பணியை மிஷேல் கியோ 1997இல் தொடங்கினார். கல், மரம், களிமண், மணல் எல்லாம் அங்கேயே கிடைத்தன. செங்கோணம் எடுக்கக் கயிறு போதும்: சம இடைவெளியில் முடிச்சிட்டு 12 பங்காக்கிய கயிற்றை 3, 4, 5 என முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலை சரியாக அமைந்துவிடும். எழுத்தறியாத கொத்தனாரும் இதை வைத்து மதில் எழுப்பலாம். பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்து சுழற்ற, கல் மேலே ஏறுகிறது. சாந்துக் கலவையிலிருந்து ஓட்டுச் சூளையின் சூடுவரை ஒவ்வொன்றையும் செய்து, தவறினால் மாற்றிச் செய்தே கற்றார்கள்.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களுக்கு 2019 ஏப்ரல் 15 பதில் தந்தது. அன்று பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தின் ஓக் மரக் கூரை எரிந்து விழுந்தது. அதை முன்பிருந்தபடியே மீண்டும் அமைக்க, பச்சை மரத்தைக் கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் வேண்டியிருந்தார்கள். அப்பணிக்கு வந்தவர்களில் கெடெலோனில் கை பழகியவர்களும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது.

இன்று புதிதாக வருபவர் வாளில் தொடங்குவது வீண்செலவு. ஒரு காலத்தையும் ஓர் ஊரையும் குறுக்கித் தேர்ந்துகொண்டு, அரசனை விட்டுவிட்டுச் சாதாரண ஆளாக ஊசி பிடிப்பதே நல்ல தொடக்கம். சான்றுகளும் அங்கேதான் வலுவாக உள்ளன. 1921இல் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைகளிலிருந்து கம்பளி அங்கிகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1936இல் ஸ்வீடனின் பொக்ஸ்டென் சதுப்பில் ஒருவருடைய இடைக்கால உடை ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. அவற்றின் வெட்டைப் பார்த்தே பலர் தங்கள் முதல் அங்கியைத் தைக்கிறார்கள்: உடலுக்கு நீண்ட துண்டுகள், அடியில் விரிவு தர முக்கோணத் துண்டுகள். அங்கி முடிந்தால் அடுத்தது காலணி. லண்டனில் தேம்ஸ் கரையின் ஈர மண் காத்துத்தந்த தோல் காலணிகள் அதற்கு மாதிரி. உள்புறம் வெளியே தெரிய வைத்துத் தைத்து, முடித்தபின் புரட்டிப் போடுவார்கள்.