கன்னம்: ஒரு களவுச் சொல்லின் பொருளும் எழுத்தும் பிறப்பும்

இரவில் வீட்டுச் சுவரைத் துளைத்து உட்புகுந்து திருடுவதைத் தமிழ் ‘கன்னம் வைத்தல்’, ‘கன்னமிடுதல்’ என்று வழங்குகிறது. துளைக்கும் கருவி கன்னக்கோல். அவ்வகைத் திருட்டு கன்னக்களவு. இச்சொற்கள் ஒரு குடும்பமாயினும், கன்னம் முதலில் எதைக் குறித்தது என்பதில் தெளிவு வேண்டும். களவையா, கருவியையா, துளையையா? ‘கோல்’, ‘களவு’ எனும் சொற்கள் தனித்தனியே பின்னொட்டி வருதலின், அவ்விரண்டும் கன்னத்தின் முதற்பொருளாதல் அரிது. எஞ்சுவது துளையே. தெலுங்கில் ‘கன்னமு’ பொதுவாகவே துளையைக் குறிப்பதும், அதனோடு ‘வேயு’ எனும் வினை சேர்ந்து கன்னமிடுதலைக் குறிப்பதும் இதனை வலியுறுத்துகின்றன. கன்னடத்தில் ‘கன்ன ஹாகு’ என்பது அதே தொடர். கன்னமிடுவோன் ‘கன்னகள்ள’ எனப்படுவான். தமிழில் பொதுப்பொருள் மறைந்து, கள்வன் இட்ட துளை மட்டுமே நின்றது.

எழுத்துச் சிக்கல் இங்கிருந்து தொடங்குகிறது. ‘கண்’ என்பதற்குத் துளை என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஆகவே ‘கண்ணம்’, ‘கண்ணக்கோல்’ என்று எழுதி, கண்ணிலிருந்து இச்சொல்லைப் பிறப்பிக்கத் தோன்றுவது இயல்பே. தெலுங்கை மட்டும் நோக்கினால் இதனை மறுக்க இயலாது. அங்கே விழியும் ‘கன்னு’ என்றே ஒலிக்கும். ஆனால் ணகரத்தையும் னகரத்தையும் வேறுபடுத்திக் காக்கும் கன்னடத்தில் விழி ‘கண்ணு’, சுவர்த்துளை ‘கன்ன’. தமிழிலும் அவ்வேறுபாடே நிற்கிறது. இரு மொழிகள் ஒருங்கே காக்கும் வேறுபாட்டை எழுத்துப்பிழை என ஒதுக்குதல் பொருந்தாது. எனவே னகர வடிவமே செம்மையானது. முகத்தின் கன்னமோ, காதைக் குறிக்கும் ‘கர்ணம்’ எனும் வடசொல்வழி வந்ததென்பர். அது வேறு சொல். சுவரின் ‘கன்னத்தில்’ துளையிடுதல் என்னும் விளக்கம் சுவையானதேயன்றிச் சான்றாகாது.

அகழ்தலைக் குறிக்கும் ‘கன்’ எனும் வடமொழி வினையடியோடு தொடர்புபடுத்துவதும் எளிதாகத் தோன்றும். பொருள் பொருந்துகிறது, ஆனால் இரட்டித்த னகரத்தை விளக்க இடைநிலை வடிவம் ஒன்றைக் கற்பிக்க வேண்டியிருக்கும். அதனினும் வலிய தடை வழக்கிலிருந்து எழுகிறது. வடமொழியில் இக்களவின் கலைச்சொல் ‘சந்தி’. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் இரவில் சந்தி செய்து திருடுவோர்க்குக் கை வெட்டிக் கழுவேற்றும் தண்டனை விதிக்கிறது. சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் மூன்றாம் அங்கத்துச் சர்விலகன் துளைக்கு எவ்வடிவம் தகும் என ஆராய்கிறான். அளவுநூல் மறந்துவந்தமையால் பூணூலையே அளவுகோலாக்குகிறான். இந்தியின் ‘சேந்த்’ அச்சந்தியின் வழிச்சொல்லே. வடக்கிலிருந்து சொல் வந்திருப்பின் இதுவன்றோ வந்திருக்க வேண்டும்? தெற்கின் மூன்று மொழிகளும் ‘கன்ன’ வடிவில் ஒத்து நிற்றலால், இதனைத் தென்னாட்டுச் சொல்லாகக் கொள்வதே தகும்.

பழந்தமிழ் நூல்கள் இத்தொழிலை நன்கறிந்தவை. மதுரைக்காஞ்சி நள்ளிரவுக் கள்வரை நூலேணியோடும் நிலம் அகழும் உளியோடும் காட்டுகிறது; சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையிலும் காவலன் ஒருவன் தான் கண்ட கள்வனின் கையில் உளியையே கூறுகிறான். கன்னக்கோல் என்னும் பெயர் அவ்விடங்களில் இல்லை. தொழில் பழையது, கருவிக்குத் துளையின் பெயரை ஏற்றிய வழக்கு பிற்பட்டது எனலாம்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 445ஆம் பிரிவில் வீடுடைத்தலை வரையறுத்தபோது, முதல் எடுத்துக்காட்டாகத் தந்தது, ஒருவன் பிறன் வீட்டுச் சுவரில் துளையிட்டு அதன்வழிக் கையை நுழைத்தலை. அது கன்னமேயாயினும், ஆறு வழிகளை உள்ளடக்கிய அப்பிரிவிற்குத் துளையைக் குறிக்கும் சொல் போதாது. பூட்டுடைத்தலும் அதில் அடங்கும். இன்றைய செய்தித்தாள்கள் ‘சுவரில் துளையிட்டுக் கொள்ளை’ என மூன்று சொற்களில் எழுதுவதைக் கன்னம் ஒரே சொல்லில் உணர்த்தியது.