இசையை அடுக்கி வைத்தல்

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது, அதாவது 1948 வரை, அதற்கு மூன்று தாலுகாக்கள்: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். அன்று குளத்தூர் தாலுகாவைச் சேர்ந்திருந்த குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், இசை எழுத்தாகச் செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. லிபி பல்லவ கிரந்தம். காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது பெரும்பான்மைக் கருத்து. 1904ல் படியெடுக்கப்பட்டு, பி. ஆர். பண்டார்க்கரின் ஆராய்ச்சியோடு எபிகிராபியா இண்டிகாவின் பன்னிரண்டாம் தொகுதியில் (1913-14) வெளியாயிற்று. அதற்குப் பின் இதைப்பற்றித் தமிழில் நடந்த பேச்சில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியது. வெட்டுவித்த அரசன் யார்? மகேந்திரவர்மன்தானா? இந்த இசை வடக்கைச் சேர்ந்ததா, தெற்கைச் சேர்ந்ததா?

இவை அவசியமற்ற கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உரிமை கொண்டாடுகிற அவசரத்தில் கல்வெட்டின் காரியம் என்ன என்பதை நாம் பார்க்கத் தவறிவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது. அது முதலில் ஒரு சேமிப்பு. ஒலித்து மறைந்துவிடுகிற ஒன்றை, மறுபடி எடுக்கும்படியாக ஒரு வரிசையில் அடுக்கி வைக்கிற முயற்சி. இன்று கம்ப்யூட்டரில் இசை பண்ணுகிறவர்கள் எந்த டிரைவில் எதை வைப்பது என்று படுகிற அவஸ்தையும் இதே சரித்திரத்தைச் சேர்ந்ததுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் லாபம் உண்டு.

குடுமியான்மலையின் அடுக்கு இப்படி. மேலே சிவனுக்கு வணக்கம். பிறகு ஏழு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகத்தின் பெயர் தலைப்பு: மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். தலைப்பின் கீழே வரிகள். ஸ்வரங்கள் நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டு, அப்படிப் பதினாறு கூட்டங்கள் சேர்ந்து ஒரு தொடர். ஒரு தொடருக்குள் எல்லாக் கூட்டமும் ஒரே ஸ்வரத்தில் போய் முடியும். அடுத்த தொடரில் முடிவு ஸ்வரம் மாறும். எந்த இடத்தில் கண்ணை வைத்தாலும் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்: எந்த ராகம், எந்த முடிவு, எத்தனையாவது கூட்டம். இறுதியில் இதைச் செய்தவன் ருத்ராசாரியனின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் என்றும், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தான் என்றும் குறிப்பு. அதன் கீழே, எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்ற பொருளில் தமிழில் ஒரு வரி. நரம்புகளின் எண்ணிக்கை என்பது பொதுவான விளக்கம்.

இனி கம்ப்யூட்டர். இசைக்கென்று ஒரு கம்ப்யூட்டரை ஒழுங்கு பண்ணுகிறவன் மூன்று டிரைவ்கள் வைத்துக்கொள்வது பழக்கம். ஒன்றில் ஆபரேட்டிங் சிஸ்டமும் மற்ற ப்ரோகிராம்களும். ஒன்றில் ஸாம்பிள்கள், அதாவது வயலின், மத்தளம், பியானோ என்று முன்கூட்டியே பதிந்து விற்கப்படுகிற ஒலிகள். மூன்றாவதில் அவன் அன்றன்றைக்குப் பதிகிற ப்ராஜெக்டுகள். இந்தப் பிரிவினைக்கு ஆரம்பத்தில் இருந்த காரணம் அழகியல் அல்ல, யந்திரம். சுழலும் டிஸ்க்கில் படிக்கும் தலைகள் எல்லாம் ஒரே கையில் பொருத்தப்பட்டு ஒன்றாகவே நகரும். நிமிஷத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8.3 மில்லி செகண்டு. 24 பிட்டில், செகண்டுக்கு 44,100 மாதிரிகள் வீதம் பதிந்த ஒரு டிராக் கேட்பது செகண்டுக்கு 1,32,300 பைட்டுகள். நிமிஷத்துக்கு சுமார் 8 மெகாபைட். இருபத்துநான்கு டிராக் சேர்ந்தாலும் செகண்டுக்கு 3.2 மெகாபைட்டைத் தாண்டாது. அளவு பெரிதில்லை. ஆனால் இருபத்துநான்கும் தட்டில் இருபத்துநான்கு இடங்களில் கிடக்கும். கை அங்குமிங்கும் ஓட வேண்டும். அதே டிஸ்க்கில் ஸாம்பிளும் ஓடி, சிஸ்டமும் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பாட்டு நடுவில் விக்கி நிற்கும். ஒரு கை மூன்று வேலை செய்ய முடியாது என்பதால் மூன்று கைகள்.

இந்த நெருக்கடியின் வயது அதிகமில்லை. 1956ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் டிஸ்க் யந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில், 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். எழுத்துக்கு ஆறு பிட். இன்றைய காம்பாக்ட் டிஸ்க் தரத்தில் கணக்குப் போட்டால் இருபத்தோரு செகண்டு சங்கீதம். ஒரு பல்லவியை நிதானமாக எடுக்கக்கூடக் காணாது. 1983ல் மிடி என்கிற பொது மொழி வந்தபோது கம்ப்யூட்டர் சேமித்தது ஒலியை அல்ல. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற கட்டளையை. இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986) தமிழ் சினிமாவுக்குள் கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. 1992ல் 'ரோஜா' வந்த பிறகு வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோ என்பது இங்கே ஒரு லட்சியமாகவே ஆகிவிட்டது. 1998ல் கிகாஸாம்ப்ளர் என்ற ப்ரோகிராம் ஸாம்பிள்களை ஞாபகத்தில் ஏற்றாமல் டிஸ்க்கிலிருந்தே நேராக வாசித்துக் காட்டியது. அன்றிலிருந்து டிஸ்க் வெறும் கிடங்காக இல்லாமல் வாத்தியத்தின் உடம்பாகவும் ஆயிற்று.

இன்று சுழலும் தட்டும் ஓடும் கையும் பெரும்பாலும் போய்விட்டன. எஸ்.எஸ்.டி.யில் நகர்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் மூன்றையும் ஒன்றில் போட்டுவிடலாம் என்கிறார்கள். வேகத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் யந்திரத்தின் நிர்ப்பந்தத்தால் ஏற்பட்ட ஒரு பிரிவினை, நிர்ப்பந்தம் நீங்கிய பின்னும் வேறொரு அர்த்தத்தில் சரியாக இருக்கக்கூடும். மூன்று டிரைவ்களும் மூன்று விதமான இழப்புகள். ப்ரோகிராம் போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஸாம்பிள் போனால் விற்றவன் இருக்கிறவரை மறுபடி வாங்கலாம். அன்றைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து வாசித்தாரே, அது போனால் போனதுதான். ஆகவே எதை எங்கே வைப்பது என்பதைவிட, எது திரும்பக் கிடைக்காதது என்று தெரிந்திருப்பதுதான் அடுக்குதலின் முதல் காரியம்.

கணக்கெழுதுகிற என் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. வங்கியில் வவுச்சர் வேறு, லெட்ஜர் வேறு. லெட்ஜர் என்பது ஓர் ஏற்பாடு. அது சிதைந்தால் வவுச்சர்களைக் கொண்டு மறுபடி எழுதிவிடலாம். வவுச்சர் போனால் எந்த லெட்ஜரும் அதைத் திருப்பித் தராது. அதனால்தான் கையெழுத்துப் போட்ட அந்தச் சின்னக் காகிதத்தைத் தேதிவாரியாகக் கட்டிக் கட்டி வைத்தார்கள். இசையில் நாம் செய்தது இதற்கு நேர்மாறு. முடிந்த பாட்டைத் தங்கத்தட்டில் வைத்துக் கொண்டாடினோம். தனித்தனி டிராக்குகளை இடத்தை அடைக்கிறதென்று அழித்தோம்.

அடுத்தது பெயர். 'புதுசு', 'கடைசி', 'கடைசிக்குக் கடைசி' என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கிறவர்களை நாம் அறிவோம். நம்முடைய சங்கீத சாஸ்திரம் பெயர் வைப்பதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இங்கே நினைவுபடுத்தியாக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். பின்னால் வந்தவர்கள் கடபயாதி என்கிற எழுத்தெண் முறைப்படி அவற்றுக்குப் பெயர்களைத் திருத்தினார்கள். சங்கராபரணத்தின் முன்னால் 'தீர' என்று ஒட்டு. தீ என்பது 9, ர என்பது 2. திருப்பிப் போட்டால் 29. கல்யாணிக்கு முன் 'மேச': 5, 6, திருப்பினால் 65. எண் தெரிந்தால் ஸ்வரம் தெரியும். 29 என்பது முப்பத்தாறுக்குள் வருவதால் சுத்த மத்யமம். ஆறு ஆறாகப் பிரித்தால் ஐந்தாவது சக்கரம், அதில் ஐந்தாவது. ரிஷப காந்தாரமும் தைவத நிஷாதமும் அதிலிருந்தே கிடைத்துவிடும். ராகத்தைக் கேட்டிராதவனுக்கும் அதன் பெயரே அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது. இதைவிடச் சுருக்கமான பெயரிடும் முறை எந்தக் கம்ப்யூட்டர்க்காரனிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. அந்த எண் தருவது ஏணிப்படியை. ஏறுகிற விதத்தை அல்ல. சங்கராபரணத்தின் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்பது 29க்குள் இல்லை. சுப்பராம தீட்சிதர் 1904ல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத ஸம்பிரதாய ப்ரதர்சினி'யை வெளியிட்டபோது கமகங்களுக்கென்று தனியே குறிகளும் விளக்கமும் தர வேண்டியிருந்தது. குடுமியான்மலையைப் படியெடுத்ததும் அதே வருஷம்தான்.

இந்த இடத்தில்தான் பாறை நமக்கு எதையோ எச்சரிக்கிறது. அங்கே ஸ்வரங்கள் ஸ, ரி, க என்று மட்டும் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றும் அ, இ, உ, எ என்று உயிர் மாறி வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. உயிர் மாறுவது சுருதி பேதத்தைக் காட்டுகிறது என்று ஒரு கட்சி. நரம்பை மீட்டும் கையின் குறி என்று இன்னொரு கட்சி. 1979ல் ரிச்சர்ட் விட்டெஸ் இதை மறுபடி விரிவாக ஆராய்ந்தார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இன்றும் இல்லை. ஃபைல் திறக்கிறது; வரிசை குலையவில்லை; தலைப்புகள் அப்படியே இருக்கின்றன. வாசிக்க வேண்டிய வாத்தியம் மட்டும் அகப்படவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஒரு ப்ராஜெக்டைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானது. கட்டளைகள் எல்லாம் இருக்கும். அவற்றை ஒலியாக்கிய ப்ளக்-இன்னை விற்ற கம்பெனி இருக்காது. ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் நடந்தது இங்கே பதினைந்தில் நடந்துவிடுகிறது. அதனால்தான் வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் ஒரே துவக்கப் புள்ளியிலிருந்து நேரான வேவ் ஃபைலாக எடுத்து வைக்கும்படி ஒலிப்பதிவு சார்ந்த அமைப்புகள் சிபாரிசு செய்கின்றன. குறியை மட்டும் வைத்தால் போதாது. கூட ஒலியையும் வைத்தாக வேண்டும்.

திருமயத்தின் பாடம் வேறு. அங்கேயும் குடைவரையில் இதைப் போன்ற ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. அதைச் சிதைத்து, மேலேயே பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டை வெட்டிவிட்டார்கள். இசையைச் சேர்ந்த சில சொற்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அழித்து எழுதுவது டிஸ்க்கோடு பிறந்த சாபம் என்று நினைப்பவர்கள் திருமயத்துக்குப் போய்வர வேண்டும். கல் சாசுவதம், ஆனால் கல்லுக்கும் இடப்பற்றாக்குறை உண்டு, அதிகாரம் உண்டு, பிரதி இல்லை. பிரதி இல்லாத எதுவும் பத்திரமாக இல்லை. 2008 ஜூனில் ஹாலிவுட்டின் யுனிவர்ஸல் வளாகத்தில் நெருப்புப் பிடித்தபோது ஏராளமான மூலப் பதிவு டேப்புகள் எரிந்தன. விஷயம் விரிவாக வெளியே தெரிந்தது 2019ல். கிடங்குத் தொழில் செய்யும் அயன் மவுண்ட்டன் கம்பெனி, தன்னிடம் வந்த 1990களின் இசை டிஸ்க்குகளில் ஐந்தில் ஒரு பங்கு படிக்கவே முடியாமல் போய்விட்டதாக 2024ல் சொன்னது. நெருப்பில்லை, வெள்ளமில்லை, பெட்டியில் சும்மா இருந்தவை. ஓலைச்சுவடி வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். ஓலை நிலைக்காது என்று தெரிந்ததால் அவர்கள் பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான பொருளில், ஒன்று வேறு ஊரில் என்று இன்று சொல்லப்படும் விதி அந்தப் பழக்கத்தின் எண் வடிவம்தான்.

இதே புதுக்கோட்டைச் சீமையில் இன்னொரு சேமிப்பும் இருந்தது. மான்பூண்டியா பிள்ளை, அவரிடமிருந்து தட்சிணாமூர்த்தி பிள்ளை, அதே வழியில் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று கணக்கும் கையுமாக வந்த லயப் பரம்பரை. பாறையில் ஒரு வரி கிடையாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பிரதியாயிற்று. இங்கே மாணவன் இருந்தான், கல் இல்லை. குடுமியான்மலையில் கல் இருக்கிறது, மாணவன் அறுந்துவிட்டான். இன்றும் வாசிக்கப்படுவது எது, வாசிக்கப்படாதது எது என்று பார்த்தால் ஏதோ விளங்குகிறது.

நம் ஊர்களில் இன்று ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துக்கொண்டு தவில், உறுமி, தப்பு, கும்மிப்பாட்டு என்று பதிந்துகொண்டிருக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பெரிய ஸ்தாபனங்கள் செய்யாத வேலை. அவர்களுடைய டிரைவ்களைத் திறந்து பார்த்தால் வாசித்தவர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, தேதி இருக்காது. கம்ப்யூட்டர் தானாகப் போட்ட ஓர் எண் மட்டும் இருக்கும். பதிந்தவருக்கு எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது என்பதால் இது குறையாகப் படுவதில்லை. அடுக்கி வைப்பது பதிந்தவரின் சௌகரியத்துக்காக என்கிற எண்ணம்தான் இதற்கு மூலம். ஏழாம் நூற்றாண்டின் அந்த அரசன் அப்படி நினைக்கவில்லை. யாரிடம் கற்றான், எந்த வாத்தியத்துக்கு, யாருடைய பயனுக்கு என்று மூன்றையும் எழுதி வைத்தான். தன் பெயரை எழுதவில்லை. அதை வைத்துத்தான் நாம் நூறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் எழுதிய மூன்றையும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சாதாரண எழுத்து ஃபைலாகப் போட்டு வைக்க இரண்டு நிமிஷம் ஆகும்.