முத்துக்குளிப்பின் மரச் சாட்சிகள்: ஆஸ்திரேலியாவின் 'லக்கர்' படகுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ப்ரூம் நகரில் முத்துச் சிப்பி எடுக்கப் பயன்பட்ட, இரு பாய்மரங்கள் கொண்ட மரப் படகுகள் 'லக்கர்' என அழைக்கப்பட்டன. முதல் உலகப் போருக்கு முன்பு அங்கு சுமார் 400 படகுகள் இயங்கின.

ப்ரூமில் ஓதம் சுமார் 10 மீட்டர் வரை உயர்ந்து தாழும். நீர் வடிந்தபின் தரையில் சாயாமல் நிற்பதற்காக, படகுகளின் அடிப்பகுதி சற்றுத் தட்டையாக அமைக்கப்பட்டது.

பொத்தான் செய்ய உதவிய சிப்பி ஓடுகளே முக்கிய வருவாயாக இருந்தன. இத்தொழில் பல உயிர்களைப் பலிகொண்டது. தொடக்கத்தில் பழங்குடியினர் கட்டாயப்படுத்தி முக்குளிக்க வைக்கப்பட்டனர். பின்னர் வந்த ஜப்பானியர் பலர் அழுத்தக் குறைவு நோயாலும் புயல்களாலும் இறந்தனர். ப்ரூமின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் 900-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

1950-களில் பிளாஸ்டிக் பொத்தான்கள் பரவியதால் தொழில் சரிந்தது. எஞ்சிய படகுகளில் 'சாம் மேல்', 'டிஎம்சிடி' ஆகியவை சீரமைக்கப்பட்டு ப்ரூமில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1957-இல் கட்டப்பட்ட 'ஜான் லூயிஸ்', சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது.

மரப் படகின் சீரமைப்பு ஒருமுறையுடன் முடிவதில்லை. கரையேற்றினால் பலகைகள் உலர்ந்து சுருங்கி விரிசல் விடும். கடலிலேயே விட்டால் கப்பல் புழு துளைக்கும்.