சங்கிலியிலிருந்து குறிப்பேட்டுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியுமுன்னரே ஜீப்புகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குக் கேரள மலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு அவை குமுளிச் சாலையில் வரிசையாக ஏறும். அந்த நேரத்தில் கூடலூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அறிவு வளர்ச்சி குறைந்தவன், பேச்சும் வரவில்லை. ஜீப்பின் ஒலி கேட்டதும் தலையைச் சுவரில் மோதிக் கொள்கிறான். தடுக்க வரும் பாட்டியின் கையைக் கடிக்கிறான்.

"காத்துக் கறுப்பு அடிச்சிருக்கு" என்கிறார் ஒருவர். "கட்டித்தான் போடணும்" என்கிறார் மற்றொருவர். 'இவன் ஏன் இப்படிச் செய்கிறான்?' என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இந்த எளிய கேள்வியை முறையாகக் கேட்க மனித குலத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

சங்கிலியும் சட்டமும்

பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-ஆம் ஆண்டு மனநோயாளிகளின் சங்கிலிகள் அகற்றப்பட்டன. இப்பெருமையை மருத்துவர் பினேலுக்கு அளித்து ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. உண்மையில் அதைச் செய்தவர் பியூசேன் என்னும் கண்காணிப்பாளர். அவரே ஒரு காலத்தில் அங்கு நோயாளியாக இருந்தவர். நோயாளிகளை நாள்தோறும் அருகிலிருந்து கவனித்ததே அவர் பெற்ற கல்வி.

இந்தியாவிலோ, 1912-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியையும் அறிவு வளர்ச்சி குறைந்தவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. இவை இரண்டும் வேறு. முன்னது இடையில் வரும் நோய். சிகிச்சையால் குறையக் கூடியது. பின்னது பிறப்பிலோ இளமையிலோ ஏற்படும் வளர்ச்சிக் குறைபாடு. அதற்குத் தேவை பயிற்சி. இவ்வேறுபாட்டை 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான் தெளிவாக வகுத்தது.

எனினும் சட்டம் மாறிய வேகத்தில் சமூகம் மாறவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பி ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்தது. அங்கு இறந்தோர் மனநோயாளிகள்; நம் சிறுவனோ வேறு வகையினன். ஆயினும் இருவரையும் கட்டிப் போடத் தூண்டுவது ஒன்றே: புரியாமையும் அதனால் வரும் அச்சமும்.

ஊசல் கற்பிக்கும் பாடம்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று அறிய மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் குண்டின் எடையை மட்டும் மாற்றுகிறார்கள். அலைவு நேரம் மாறுவதில்லை. பிறகு நூலின் நீளத்தை மட்டும் மாற்றுகிறார்கள். அலைவு நேரம் மாறுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் காரணத்தைப் பிரித்தறிவதே இதன் தத்துவம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பிரையன் இவாட்டாவும் அவருடைய தோழர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்ளும் ஒன்பது பேரை அவர்கள் நான்கு சூழல்களில் மாறி மாறிக் கவனித்தனர். ஒன்றில் கடினமான வேலை தரப்பட்டது. ஒன்றில், காயப்படுத்திக் கொண்டால் மட்டுமே கவனிப்புக் கிடைத்தது. ஒன்றில் தனியே விடப்பட்டனர். ஒன்றில் தடையின்றி விளையாடினர். ஆறு பேரிடம், குறிப்பிட்ட ஒரு சூழலில் அச்செயல் மிகுதியாயிற்று. அச்சூழல் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒருவன் வேலையிலிருந்து தப்பிக்க அடித்துக் கொண்டால், மற்றொருவன் கவனிப்பைப் பெற அடித்துக் கொள்கிறான். வெளித் தோற்றத்தில் செயல் ஒன்றே, காரணம் வேறு.

1985-இல் எட்வர்டு காரும் மார்க் டூரண்டும் அடுத்த படியை எடுத்து வைத்தனர். நான்கு குழந்தைகளுக்கு அவரவர் தேவைக்கேற்ற ஒரு சிறு வாக்கியத்தைக் கற்பித்தனர்: உதவி கேட்க ஒன்று, பாராட்டைக் கேட்டுப் பெற ஒன்று. தேவைக்குப் பொருந்திய வாக்கியம் தொல்லையைக் குறைத்தது. பொருந்தாத வாக்கியம் குறைக்கவில்லை. ஆகவே அந்த நடத்தை சொல்லற்ற ஒரு பேச்சு என்பது தெளிவாயிற்று.

சென்னையில் பிறந்த அளவுகோல்

இத்துறையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. ஜெயச்சந்திரன், விமலா ஆகியோர் உருவாக்கிய அளவுகோல் 1975-இல் சென்னையின் பெயரையே தாங்கி வெளிவந்தது. 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 திறன்கள் அதில் உள்ளன. குழந்தைக்கு என்ன வராது என்று அது கேட்பதில்லை. என்ன வரும் என்றே கேட்கிறது. செகந்திராபாத்தில் 1984-இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனத்திலிருந்து ரீட்டா பெஷாவரியா, வெங்கடேசன் இருவரும் 1992-இல் மற்றொரு அளவுகோலை அளித்தனர். அதில் திறன்களுக்கு 280 வினாக்களும், தொல்லை தரும் நடத்தைகளுக்கு 75 வினாக்களும் உண்டு. திறன் பகுதியே பெரியது என்பதைக் கவனியுங்கள். ஒரு திறன் வளரும் இடத்தில் ஒரு தொல்லை தேயும்.

மீண்டும் கூடலூருக்கு

இப்போது நம் சிறுவனிடம் திரும்புவோம். முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல்வலியும் காதுவலியும் கூடச் சொல்லத் தெரியாத குழந்தையைத் தலையை மோதிக் கொள்ளச் செய்யும். வலி இல்லையெனில், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, செயலுக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் எழுதி வாருங்கள்.

ஜீப் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மோதிக் கொள்வதில்லை என்று அந்த நோட்டுச் சொல்லக் கூடும். அப்படியானால் அவன் அஞ்சுவது ஒலிக்கா, தாயின் பிரிவுக்கா? ஒரு நாள் அம்மா வீட்டிலிருக்க, ஜீப் மட்டும் தெருவில் போகட்டும், தெரிந்துவிடும். பிரிவே காரணமென்றால், தாய் மாலையில் திரும்புவாள் என்பதைக் காட்டும் படம் ஒன்றை அவன் கையில் தரலாம். "அம்மா" என்பதற்கு ஒரு சைகை கற்பிக்கலாம். பலன் ஒரே நாளில் வராது. பாட்டியின் பொறுமைக்கு அண்டை வீட்டாரும் துணை நிற்க வேண்டும்.

'சவாலான நடத்தை' என்று வல்லுநர்கள் இதற்குப் பெயரிட்டுள்ளனர். சவால் அவனுக்கு விடப்பட்டதன்று, நமக்கு விடப்பட்டது. அந்த வீட்டுக்குள் நாம் கயிற்றோடு நுழையப் போகிறோமா, குறிப்பேட்டோடு நுழையப் போகிறோமா?