ராஜலட்சுமி, டி. பி. (1911–1964)

தென்னிந்தியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநர். தமிழ்த் திரையின் முதல் கதாநாயகி. திருவையாற்றில் பிறந்தார். பால்ய மணம் முறிந்து, தந்தையையும் இழந்த நிலையில் தாயுடன் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அங்கே சாமண்ணாவின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஊக்கம் தந்தார். குலப்பெண்கள் மேடையேறுவது இழிவெனக் கருதப்பட்ட காலத்தில், அந்தணக் குடும்பத்துச் சிறுமிக்கு அரிதாரமே பிழைப்பானது. அவர் வாழ்க்கை திரும்பியது திருச்சியில்தான் என்று சொல்லலாம்.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தில் அவர் தமிழில் பேசிப் பாடினார். நாயகன் பேசியதோ தெலுங்கு. அப்படத்தின் பிரதி இன்று இல்லை. ‘வள்ளி திருமணம்’ (1933) பெரும் புகழ் தந்தது. ரசிகர்கள் ‘சினிமா ராணி’ என்றழைத்தனர்.

நாவலும் எழுதியவர். தம் ‘கமலவல்லி’யை ‘மிஸ் கமலா’ (1936) என்ற படமாக்கி, தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். நடிகை என்ற புகழைவிட இதுவே பெரிய சாதனை. அவரை இத்தாலியின் முதல் பெண் இயக்குநரான எல்விரா நோட்டாரியோடு ஒப்பிடலாம். நோட்டாரி, நேப்பிள்ஸில் குடும்ப நிறுவனத்தின் துணையோடு அறுபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். பேசும்படம் வந்ததும் அவர் பணி நின்றது. ராஜலட்சுமியின் திரைவாழ்வோ பேசும்படத்தோடுதான் மலர்ந்தது. ‘மிஸ் கமலா’வை அடுத்து ‘மதுரை வீரன்’ படத்தை இயக்கினார். தேசிய உணர்வோடு எடுத்த ‘இந்தியத் தாய்’ தணிக்கையில் சிக்கிப் பெருநட்டம் தந்தது. 1961இல் கலைமாமணி விருது பெற்றார்.