புறநகர் என்னும் சொல்

நம் பங்கு பொன்விழாக் காணும் இவ்வேளையில், நாம் அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று வெளியூர் உறவினர் கேட்டால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, "சென்னைக்குப் புறநகர்" என்றும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். இந்தப் 'புறம்' எங்கிருந்து வந்தது?

'புறம்' என்றால் வெளி. சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு பகுதி உண்டு. மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் முதலில் தங்கியது மதிலுக்குள் அன்று. அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில்தான். 'சேரி' என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமணர் ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர். பின்னாளில் சாதி, ஊர் வேறு சேரி வேறு என்று கோடு கிழித்து, அந்த நல்ல சொல்லைத் தாழ்த்திவிட்டது. குற்றம் சொல்லினது அன்று, கோடு கிழித்தவர்களுடையது.

நம் வட்டாரத்துப் பெயர்களும் கதை சொல்கின்றன. பட்டரவாக்கம், அயப்பாக்கம், காட்டுப்பாக்கம் ஆகியவற்றில் உள்ள 'பாக்கம்' முதலில் கடற்கரை ஊரையும், பின்னர் பொதுவாக ஊரையும் குறித்தது. பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் பெயர்களில் வழிப்போக்கர் தங்கும் சாவடி நிற்கிறது. 'பேட்டை' என்பது கோட்டைக்கோ நகருக்கோ வெளியே தொழிலும் வாணிபமும் நடக்கும் குடியிருப்பு. 1734இல் நெசவாளர்களுக்காகச் சிந்தாதிரிப்பேட்டை உருவாயிற்று. 1960களில் அம்பத்தூரில் ஆலைகள் அணிவகுத்தபோது, அதே பழஞ்சொல் 'தொழிற்பேட்டை' என்று புத்துயிர் பெற்றது. ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. வேலை தேடி வந்தோர் இங்கேயே குடும்பமாய் வேரூன்றினர்.

நாம் ஏறும் 'சபர்பன்' ரயிலின் பெயர் லத்தீன் வழி வந்தது: 'சுப்' என்றால் கீழே, அருகே, 'ஊர்ப்ஸ்' என்றால் நகர். பிரெஞ்சு மொழியின் 'பான்லியு' என்ற சொல், நகரின் ஆணை ஒரு லீக் தொலைவுக்குச் செல்லும் சுற்றுவட்டாரத்தைக் குறித்தது. எம்மொழியாயினும், நகரின் நடுவே நிற்பவர் அளந்து வைத்த பெயர்களே இவை. இங்கே வாழ்பவருக்கோ இது புறம் அன்று; சொந்த ஊர்.

அளவுகோலும் நிலையாய் நிற்பதில்லை. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. நேற்றைய 'வெளியே' இன்று 'உள்ளே' ஆகிவிட்டது.

இறுதியாக நமக்கே உரிய ஒரு சொல். ஆங்கிலத்தில் பங்கைக் குறிக்கும் 'பாரிஷ்' என்பதன் மூலம் 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல். வீட்டின் அருகே வாழ்தல், அந்நியராய் வந்து தங்குதல் என்பது அதன் பொருள். பேதுருவின் முதல் திருமுகத்தில், இவ்வுலகில் நாம் அந்நியராய் வாழும் காலத்தைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. ஆக, திருச்சபை தன் குடும்பத்துக்கு வைத்துக்கொண்ட பெயரே வந்தேறிகளின் பெயர்! தமிழில் நாம் அதைப் 'பங்கு' என்கிறோம். பங்கு என்றால் அனைவருக்கும் உரிய பாகம்.

இன்று பிழைப்புத் தேடி வந்து நம் தெருக்களில் வாடகைக்குக் குடியேறும் குடும்பங்களும், நம் பெற்றோர் அன்று வந்ததைப்போலவே வந்தவர்கள். அவர்களை 'வெளியார்' என்று சொல்லுமுன், நம் பங்கின் பெயரை ஒருமுறை நினைத்துப் பார்ப்போமாக.