அகிஹபாராவின் பழைய கேசட் கடைகள்

டோக்கியோ நகரைக் காணச் செல்லும் அயல்நாட்டார் பலர் இந்நாளில் அகிஹபாரா என்னும் வட்டாரத்தை நாடுவது பழைய வீடியோ விளையாட்டுக் கேசட்டுகளை வாங்குவதற்காகவே ஆகும். அவ்வட்டாரத்தின் பெயரோ ஒரு கோயிலால் அமைந்தது. 1869ஆம் ஆண்டில் பெருந்தீ அவ்விடத்தை அழித்தது. மறு ஆண்டு, தீயினின்று காக்கும் தெய்வத்துக்கு அங்கே கோயில் எழுந்தது. மக்கள் அதனை அகிபா தெய்வத்தின் கோயிலாகவே கொண்டனர், பெயரும் நிலைத்துவிட்டது.

கேசட்டுக்கு முன்னர் அங்கு விற்றது வானொலிச் சரக்கு என்பது நம் நேயர்களுக்கு உவப்பளிக்கும். இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின், வானொலி உதிரி உறுப்புகளை விற்ற சிறு வணிகர்கள் அண்மையிலுள்ள கந்தா வீதியோரங்களில் கடை விரித்தனர். 1949இல் வீதிக் கடைகளை அகற்றுமாறு நேசநாட்டுப் படைத் தலைமை ஆணையிடவே, அவர்களுட் பலர் ரயில் பாலத்தின் அடியில் சிறு சிறு கடைகளாகக் குடியேறினர். பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியும், அதன்பின் கணிப்பொறியும் அங்கு விலையாயின.

1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் கருவியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. ஒரு கேசட்டை விளையாடி முடித்த சிறுவன் அதனைக் கடையில் விற்று வேறொன்று வாங்கும் வழக்கம் விரைவில் பரவிற்று. விளையாட்டை ஆக்கிய நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. கைமாறும் கேசட்டால் அவர்களுக்கு ஒரு யென்னும் கிட்டாதல்லவா? வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கூறிய நியாயம் நுட்பமானது: ஜப்பானியச் சட்டம் திரைப்படத்தை வினியோகிக்கும் உரிமையை அதனை ஆக்கியவரிடமே விட்டுள்ளது, விளையாட்டும் அசையும் படமே, ஆகவே எம் இசைவின்றி மறுவிற்பனை கூடாது என்றனர். கீழ்மன்றங்கள் முரண்பட்ட தீர்ப்புகளை வழங்கின. முடிவில் 2002 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், விளையாட்டும் திரைப்பட வகையினதே என ஒப்புக்கொண்டது. ஆயினும் பொதுமக்களுக்கு முறைப்படி ஒருமுறை விற்றபோதே அப்பிரதியின்மீதுள்ள வினியோக உரிமை தீர்ந்துவிடுகிறது என்று தீர்த்தது. அத்தீர்ப்பு மாறாக அமைந்திருப்பின், இன்று பயணிகள் ஏறி இறங்கும் கடைகள் சட்டப்படி நடக்க வழியிராது.

இதனைச் சிறு வணிகச் செய்தியாக நாம் கருதவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று புதிதாக விலைக்குக் கிடைப்பதில்லை என 2023இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. அச்சில் இல்லாத நூலுக்குப் பழைய புத்தகக் கடையே புகலிடம் என்பதை நூல் விரும்பிகள் அறிவர். விளையாட்டுக்கும் அஃதே நிலை. விளையாடும் எண்ணமின்றி, பிரிக்காத பெட்டியைப் பேழையில் பூட்டுதற்கென்றே வாங்குவோரை நாம் மெச்சுவதற்கில்லை.

வாங்குவோர் அறிய வேண்டியன சில உள. ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. தொலைக்காட்சி அலைமுறையும் வேறு. ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முனைகள். அதன் அமெரிக்க வடிவுக்கு 72. ஆகையால் ஒன்று மற்றொன்றில் நேரே பொருந்தாது. இந்தியாவில் 1990களில் பரவிய நகற்கருவிகளோ பெரும்பாலும் 60 முனை வகையின. அன்று அவற்றில் விளையாடியோர், தம் இளமைக்குரிய கேசட்டின் வடிவையே அகிஹபாராக் கடைத் தட்டிலும் காண்பர். ஜப்பானியரும் அதனைக் கேசட் என்றே வழங்குகின்றனர். இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

1988 பிப்ரவரி 10 அன்று வெளியாகிப் பெருங்கூட்டத்தைக் கடைவாயில்களில் திரட்டிய டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகத்தில், ஆட்டத்தின் நிலையைக் காக்கச் சிறு மின்கலம் ஒன்று உள்ளே உண்டு. பழைய கேசட்டுகள் பலவற்றில் அது உயிரிழந்திருக்கும். மாற்றுவதற்குப் பற்றவைப்புக் கோல் வேண்டும். சிலவற்றில் இன்னும் உயிர் இருக்கும். அப்போது முகமறியாச் சிறுவன் ஒருவன் தன் வீரனுக்கு இட்ட பெயர் ஹிரகானா எழுத்தில் திரையில் தோன்றும். அப்பதிவேட்டில் மூன்று இடங்கள் உள்ளமையால், ஏனையவை காலியாயிருப்பின், அப்பெயரை அழிக்காமலே வாங்கியவர் தம் ஆட்டத்தைத் தொடங்கலாம்.